வெல்லும் ஆசையும் பெரியவர்களின் கணக்கும்: அமெரிக்கச் சிறுமியர் கிளப் கால்பந்து பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்காவில் பெண்பிள்ளைகள் ஆடும் கிளப் கால்பந்து இன்று ஒரு தனி உலகம். 8 வயதில் அணித் தேர்வு, 10 வயதில் வெளியூர்ப் போட்டிகள், 16 வயதில் கல்லூரிப் பயிற்சியாளர்களின் பார்வை என்று அது படிப்படியாக மேலே போகிறது. ஒவ்வொரு படியிலும் பெற்றோரும் பயிற்சியாளரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: ஜெயிப்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

இதற்கு இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. ஜெயிக்காத அணியில் பிள்ளையை வைத்திருப்பது காசுக்கும் காலத்துக்கும் கேடு என்கிறது ஒன்று. சின்னப் பிள்ளைகள்தானே, ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்கிறது மற்றது. இரண்டுமே சிறுமிகளுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. களத்தில் நிற்கும் பெண் வெல்ல ஆசைப்படுவது அவளுடைய உரிமை. அந்த ஆசை முழுதாக இருக்கட்டும். ஆனால் யார் ஆடுவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, யார் பயிற்சி தருவது என்று பெரியவர்கள் எடுக்கும் முடிவுகள் சனி ஞாயிறு ஆட்டங்களின் முடிவைப் பார்த்து எடுக்கப்படக் கூடாது. வரலாறும் ஆய்வுகளும் களத்தின் நடைமுறையும் இந்தப் பக்கமே சாய்கின்றன.

வெல்ல அனுமதி இல்லாத காலம்

பெண்கள் போட்டியிட்டு வெல்வதே தவறு என்று கருதப்பட்ட காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 1923-ல் தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னாளில் அதிபரின் மனைவியான லூ ஹென்றி ஹூவர் அதை முன்னின்று நடத்தினார். அதில் இருந்த உடற்கல்வி ஆசிரியைகள் எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும் என்று உறுதியாக நம்பினார்கள். கோப்பைக்காக மோதுவதை எதிர்த்தார்கள். அவர்கள் பரப்பிய முறைக்கு ‘விளையாட்டு நாள்’ என்று பெயர். பல கல்லூரிகளின் மாணவிகள் ஓரிடத்தில் கூடுவார்கள்; எல்லோரையும் கலந்து அணி பிரிப்பார்கள். ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரியை வென்றது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அந்த ஆசிரியைகளின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆண்களின் கல்லூரி விளையாட்டில் பணமும் புகழும் மாணவர்களை எப்படிச் சுரண்டின என்பதை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் கண்ட தீர்வு, அரை நூற்றாண்டுக்குப் பெண்களிடமிருந்து போட்டியையே பறித்தது. 1971–72 கல்வியாண்டில் நாடு முழுவதும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் சுமார் 2,94,000 பேர்; அவர்களில் கால்பந்து ஆடியவர்கள் 700 பேர். 1972-ல் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘டைட்டில் 9’ சட்டம் வந்தது. 1982-ல் கல்லூரி மகளிர் கால்பந்துக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. 1991-ல் முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றது. 1999-ல் ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் முன்னிலையில் மீண்டும் வென்றது. 2018–19-க்குள் பள்ளிக் கால்பந்தில் மட்டும் பெண்கள் ஏறத்தாழ 3,94,000 பேர்.

இந்த வரலாறு தெரிந்தவர்கள் ஒரு சிறுமியிடம் ‘ஜெயிப்பதெல்லாம் முக்கியமில்லை’ என்று எளிதில் சொல்லிவிட மாட்டார்கள். அந்த வாக்கியத்தை அவளுடைய பாட்டியிடமும் சொன்னார்கள். சொல்லித்தான் மைதானத்தின் கதவைச் சாத்தினார்கள்.

ஏணியும் அதன் விலையும்

1964-ல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு, அதாவது ஏ.ஒய்.எஸ்.ஓ., இரண்டு விதிகளைக் கொள்கையாகவே வைத்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். அணிகள் பலத்தில் சமமாக இருக்கும்படி பிரிக்கப்பட வேண்டும். தன்னார்வத்தோடு வரும் அப்பாக்களும் அம்மாக்களும்தான் அங்கே பயிற்சியாளர்கள்.

கிளப் கால்பந்து இதற்கு நேர்மாறான திசையில் வளர்ந்தது. தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று தரம் பிரிக்கிறார்கள். பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. 2009-ல் சிறுமியருக்காக ஈ.சி.என்.எல். என்ற தேசிய லீக் வந்தது. 2017-ல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பே சிறுமியருக்கான தன் ‘டெவலப்மென்ட் அகாடமி’யை இறக்கியது. 2020-ல், கொரோனாக் காலத்தில், அது மூடப்பட்டது. அதிலிருந்த கிளப்புகள் பல சேர்ந்து ‘கேர்ல்ஸ் அகாடமி’யைத் தொடங்கின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குடும்பங்கள் கிளப் விட்டுக் கிளப் தாவின. சட்டையில் எந்த லீக்கின் பெயர் இருக்கிறது என்பதே பிள்ளையின் தகுதிச் சான்றாகிப் போனது.

இந்த அமைப்பை இயக்குவது பெற்றோர் கட்டும் பணம். கிளப் கட்டணம், சீருடை, விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் சேர்ந்தால் மேல்தட்டு அணிகளில் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். அணி தோற்றுக்கொண்டே இருந்தால் நல்ல ஆட்டக்காரிகள் பக்கத்துக் கிளப்புக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு கட்டணமும் போய்விடும். அதனால்தான் 10 வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குக்கூட ஒரு வணிக மதிப்பு ஒட்டிக்கொள்கிறது. நம் ஊர்க் கோச்சிங் சென்டர் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படத்தைப் பேனரில் போட்டு அடுத்த ஆண்டுச் சேர்க்கையைப் பிடிப்பது போலத்தான் இதுவும். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் பிள்ளைகளை இந்த ஏணியில் ஏற்றியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏணியின் உச்சியில் கல்லூரி உதவித்தொகை இருக்கிறது என்பதே பலரின் நம்பிக்கை. கணக்கைப் பார்த்தால் அந்த நம்பிக்கை மெலிந்துபோகும். என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பள்ளியில் கால்பந்து ஆடும் பெண்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் 100-க்கு ஏறத்தாழ 7 பேர்; கல்லூரி விளையாட்டின் உச்சத் தரமான முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் 2 அல்லது 3 பேர். முதல் பிரிவில் ஓர் அணிக்கு நெடுங்காலம் 14 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதே இல்லை. இத்தனைக்கும் நடுவே, எட்டாம் வகுப்பு மாணவிகள் கல்லூரிகளுக்கு வாய்மொழி உறுதி கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. 2019-ல் வந்த விதி அதற்குக் கடிவாளம் போட்டது: பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை பயிற்சியாளர்கள் மாணவியிடம் பேசக் கூடாது.

சிறுமிகள் என்ன சொல்கிறார்கள்

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக்கும் அவருடைய குழுவினரும் இளம் கால்பந்து ஆட்டக்காரர்களிடம், அவர்களின் பயிற்சியாளர்களிடம், பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: விளையாட்டில் மகிழ்ச்சி தருவது எது? பதில்களிலிருந்து 81 காரணங்கள் திரண்டன. அவற்றை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தியபோது மேலே வந்தவை முழு மூச்சாக முயல்வது, நல்ல பண்போடு ஆடுவது, பயிற்சியாளரின் நல்ல அணுகுமுறை. ஜெயிப்பதற்குக் கிடைத்த இடம் 48. பெண்பிள்ளைகளுக்குத் தோழமைதான் பெரிது, ஆண்பிள்ளைகளுக்குப் போட்டிதான் பெரிது என்ற பழைய எண்ணத்தையும் அதே குழுவின் பிற்கால ஆய்வு ஆதரிக்கவில்லை. இரு தரப்பின் வரிசைகளும் பெரிதும் ஒத்துப்போயின.

இந்த ஆய்வை ‘பிள்ளைகளுக்கு வெற்றி பொருட்டே இல்லை’ என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் அதைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். வரிசையின் மேல்பகுதியில் இருந்த மற்றக் காரணங்களையும் சேர்த்துப் பாருங்கள். கடினமாக உழைப்பது, தேர்ச்சி கூடுவது, அணியாக இணைந்து ஆடுவது, களத்தில் இறங்க நேரம் கிடைப்பது. மோதலின் சூடு இல்லாமல் இவற்றில் எதுவும் கிடைக்காது. சிறுமிகள் போட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஸ்கோர் பலகையில் இருக்கும் எண்ணைத்தான் பெரியவர்களைவிட விரைவாக மறக்கிறார்கள்.

இதற்கு முன்னோடியான ஆய்வு பேஸ்பால் ஆடிய சிறுவர்களிடம் நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித்தும் ஃபிராங்க் ஸ்மோலும் 1970-களில் தொடங்கிய ஆராய்ச்சியில், பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரைப் பிடிப்பதும் பிடிக்காததும் அணியின் வெற்றி தோல்வியைச் சார்ந்திருக்கவில்லை. ஊக்கமும் தெளிவான அறிவுரையும்தான் அதைத் தீர்மானித்தன. ஆனால், ‘எங்கள் அப்பா அம்மாவுக்குப் பயிற்சியாளரைப் பிடிக்கும்’ என்று ஜெயிக்கும் அணியின் பிள்ளைகள்தான் கூடுதலாகச் சொன்னார்கள். யாருடைய மனதில் வெற்றி குடியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் சரியாகவே படித்திருந்தார்கள். 1992-ல் வெளியான தொடர் ஆய்வில், ஊக்கம் தரும் முறையில் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களின் அணிகளிலிருந்து அடுத்த ஆண்டு விலகியவர்கள் 5 சதவீதம். மற்ற அணிகளிலிருந்து விலகியவர்கள் 26 சதவீதம். இரு வகை அணிகளும் வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

ஜெயிக்க வைக்கும் ஆட்டமும் வளர்க்கும் ஆட்டமும்

10 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் ஆட்டத்தை அருகிலிருந்து பார்த்தால் சிக்கல் துலங்கும். அணிக்கு 7 பேர். கோல் கிக். கோல்கீப்பர் பந்தைப் பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்கு உருட்டுகிறாள். அவள் நிறுத்தித் திரும்புவதற்குள் எதிரணிப் பெண் பாய்ந்து வந்து பந்தைப் பறித்துக் கோல் அடித்துவிடுகிறாள். அடுத்த முறை அதே இடத்தில் பந்து வந்ததும் கோட்டோரத்திலிருந்து பெற்றோர் கத்துகிறார்கள்: “தூக்கி அடி!” அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைக்கிறாள். பந்து நடுக்களம் தாண்டிப் போய் விழுகிறது. அணியில் வேகமாக ஓடும் ஒருத்தி துரத்திப் பிடித்துக் கோல் போடுகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஆட்டம் ஜெயித்தாயிற்று. ஆனால் அந்த டிஃபெண்டர் தலை நிமிர்ந்து பார்த்துப் பந்து கொடுக்கக் கற்கவில்லை; வேகமாக ஓடுகிறவளும் ஓட்டத்தைத் தவிர வேறெதையும் கற்கவில்லை. 14 வயதில் மற்றவர்களின் கால்களும் நீண்டு வேகம் சமமாகும்போது இருவருமே திணறுவார்கள்.

அமெரிக்கக் கூட்டமைப்பு 2017-ல் கட்டாயமாக்கிய மாற்றங்கள் இதை மனத்தில் வைத்தே வந்தன. 8 வயதுவரை 4 பேர், 10 வயதுவரை 7 பேர், 12 வயதுவரை 9 பேர் என்று அணிகள் சிறிதாயின. 7 பேர் ஆட்டத்தில் ஒரு கோடு வரைந்தார்கள்; கோல்கீப்பரிடம் பந்து இருக்கும்போது எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் விலகி நிற்க வேண்டும். பின்னாலிருந்து பொறுமையாக ஆட்டத்தைக் கட்டக் கற்பதற்கான அவகாசம் அது. விதி வந்துவிட்டது. கோட்டோரத்துக் குரல் மாறினால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

வார இறுதிப் போட்டித் தொடர்களின் புள்ளி முறையும் கவனிக்கத்தக்கது. பல தொடர்களில் வெற்றிக்கு 6 புள்ளி, அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 1 புள்ளி வீதம் 3 வரை, கோல் வாங்காமல் முடித்தால் இன்னொரு புள்ளி என்று மொத்தம் 10. இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணிக்கு மூன்றாவது கோலும் புள்ளி தரும். ஒரு கோல் வாங்கினால் புள்ளி போகும். கடைசிப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களை இறக்க அருமையான வாய்ப்பு. புள்ளிக் கணக்கு பார்க்கும் பயிற்சியாளர் அவர்களை இறக்க மாட்டார்.

பிறந்த மாதமும் இதில் சேர்கிறது. ஆண்டுக் கணக்கில் வயதுப் பிரிவு பிரித்தபோது ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நின்றார்கள். இன்றே ஜெயிக்க நினைப்பவர் மாதக் கணக்கில் மூத்த, உயரமானவளை எடுப்பார். 2026–27 பருவம் முதல் ஆகஸ்ட் 1-ஐ எல்லையாக வைக்க முக்கிய அமைப்புகள் முடிவு செய்திருக்கின்றன. அப்போது பாதிப்பு வேறு மாதத்துப் பிள்ளைகளுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. கடைசி மாதத்துப் பிள்ளைக்குப் பொறுமையாக நேரம் தருவது ஒன்றே தீர்வு.

உடல் தரும் எச்சரிக்கை

பூப்புக்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கு முழங்காலின் முன்சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., கிழியும் அபாயம் அதே விளையாட்டை ஆடும் ஆண்பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். கிழிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, பிறகு ஒன்பது மாதமோ ஓர் ஆண்டோ ஓய்வு. ஆனால் தடுக்க வழி இருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் 14 முதல் 18 வயதுப் பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தாவி இறங்குதல், திரும்புதல், தசை வலு ஆகியவற்றைப் பழக்கும் 20 நிமிட வார்ம்-அப் செய்த அணிகளில் முதல் ஆண்டிலேயே இந்தக் காயம் 88 சதவீதம் குறைந்தது. சுவீடனில் 12 முதல் 17 வயதுச் சிறுமியர் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில் 64 சதவீதம் குறைந்தது.

இவ்வளவு தெரிந்தும் பல அணிகள் இதைச் செய்வதில்லை. வாரத்தில் மூன்று பயிற்சி நாட்களில் 20 நிமிடம் என்றால் ஒரு மணி நேரம்; அந்த ஒரு மணியில் கார்னர் கிக் பழகலாமே என்ற கணக்கு வந்து நிற்கிறது. இரண்டு நாளில் நான்கு ஆட்டம் வைக்கும் தொடர்களும், ஆண்டு முழுதும் ஓயாத பருவமும் அதே கணக்கின் பிள்ளைகள். 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகி இருக்கட்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-ல் அறிவுறுத்தியது. 14 வயதில்தான் கிளப் கால்பந்துக்கு வந்த அலெக்ஸ் மோர்கன் இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடினார் என்பதை அவசரப்படும் பெற்றோர் நினைவில் வைக்கலாம்.

வெற்றி திரையாகும்போது

இந்தக் கேள்வியின் மிகக் கனமான பகுதி இதுதான். தொழில்முறை மகளிர் லீக்கில் பயிற்சியாளர்கள் வீராங்கனைகளிடம் நடந்துகொண்ட முறை பற்றி முன்னாள் அரசு வழக்கறிஞர் சாலி யேட்ஸ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2022 அக்டோபரில் வந்தது. வசையும் பாலியல் அத்துமீறலும் அந்த லீக்கில் ஊறிப்போயிருந்ததை அது பதிவு செய்தது. அதன் வேர் இளையோர் கால்பந்திலேயே இருக்கிறது, பயிற்சியாளர் திட்டுவதும் எல்லை மீறுவதும் இயல்பு என்று பெண்கள் சிறு வயதிலேயே பழக்கப்படுத்தப்படுகிறார்கள் என்றும் சொன்னது.

கிளப்பில் இது எப்படி வேர்விடுகிறது என்று யோசித்தால் வெற்றியின் பங்கு தெரியும். கோப்பை கொண்டுவரும் பயிற்சியாளர் 12 வயதுப் பெண்ணை அழ வைக்கும் அளவுக்குத் திட்டினாலும் ‘அவர் கொஞ்சம் கண்டிப்பானவர்’ என்று பெற்றோர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் மகள் பெஞ்சுக்குப் போய்விடுவாளோ என்ற பயம் வேறு. அந்தப் பெண் அங்கே ஒரு பாடம் கற்கிறாள்: அதிகாரத்தில் இருப்பவர் ஜெயிக்க வைத்தால் அவர் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கோப்பைக்காகவும் நம் பெண்களுக்கு இந்தப் பாடத்தைக் கற்றுத்தர நமக்கு உரிமை இல்லை.

மறுதரப்பு

போட்டியைக் கூர்மையாக்கவேண்டும் என்போர் தரப்பிலும் வலுவான சான்று உண்டு. வட கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியை 2024 வரை நடத்திய ஆன்சன் டோரன்ஸ், தேசியப் பட்டங்களை 22 முறை வென்றவர். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு மோதலையும் பதிவு செய்து, ஆட்டக்காரிகளை வரிசைப்படுத்தி, அந்தப் பட்டியலை எல்லோர் பார்வைக்கும் வைத்தார். தோழியைத் தோற்கடிக்கத் தயங்கும்படி வளர்க்கப்பட்ட பெண்களுக்கு முழு பலத்தோடு மோதவும், மோதிய பின் தோழியாகவே இருக்கவும் கற்றுத்தர வேண்டும் என்பது அவர் வாதம். அதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் அந்த முறைக்கு உட்பட்டவர்கள் தாமே விரும்பி வந்த 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். அதை 10 வயதுப் பிள்ளைக்கு இறக்குமதி செய்கிறவர்கள் வயதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

மறு எல்லையில் நார்வே நிற்கிறது. அங்கே 1987-ல் விளையாட்டுக் கூட்டமைப்பு குழந்தைகளுக்கான விதிகளை வகுத்தது. 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 13-க்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. ஆட்டத்தில் கோல்களை எண்ணுவதை யாரும் தடுக்கவில்லை. பெரியவர்கள் பட்டியல் போடுவதைத்தான் தடுத்தார்கள். 1995 உலகக் கோப்பையை வென்ற நார்வே மகளிர் இந்த விதிகளுக்கு முன்பே குழந்தைப் பருவத்தைக் கடந்தவர்கள் என்பதால் அந்த வெற்றியை இதன் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அதே 1995-ல் பிறந்து இந்த விதிகளின் கீழ் வளர்ந்த ஆடா ஹெகர்பர்க், 2018-ல் மகளிருக்கான முதல் பாலன் டோர் விருதைப் பெற்றார். பட்டியல் இல்லாமல் வளர்ந்ததால் அவருடைய வெல்லும் வேகம் மழுங்கிவிடவில்லை.

வயதுக்கு ஏற்ற அளவு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடைமுறைக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. 12 வயதுவரை எல்லோருக்கும் ஏறத்தாழ சம நேரம். எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடிப் பார்க்கட்டும். ஆட்டம் 6–0 என்று போனால் பயிற்சியாளர் டிஃபெண்டரை முன்னேயும் ஃபார்வர்டைப் பின்னேயும் மாற்றட்டும். 2019 உலகக் கோப்பையில் அமெரிக்கா தாய்லாந்தை 13–0 என வென்றபோது கொண்டாட்டம் அதிகம் என்று விவாதம் எழுந்தது. கோல் வித்தியாசம் கணக்கில் வரும் தொழில்முறைப் போட்டியில் கடைசிவரை ஆடுவதே எதிரணிக்குச் செய்யும் மரியாதை. 11 வயதில் அதே ஸ்கோர் வந்தால் தவறு ஆட்டத்தை நடத்தும் பெரியவர்களுடையது.

13 முதல் 15 வரை, வெல்வதை அணியின் வெளிப்படையான குறிக்கோளாக வைக்கலாம். ஆனால் ஆட்ட நேரத்துக்கு ஒரு குறைந்தபட்ச எல்லை வேண்டும். பாதி நேரம் என்பது நியாயமான அளவு. அதற்கு மேற்பட்ட வயதில் தகுதிப்படி ஆடவைப்பது சரிதான். அப்போதும் ஓய்வையும் வார்ம்-அப்பையும் ஸ்கோர் தின்றுவிடக் கூடாது.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், கோப்பை அலமாரியைப் பார்ப்பதற்குமுன் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஆட்ட நேரம் பற்றிய கொள்கை எழுத்தில் இருக்கிறதா? சென்ற ஆண்டு இரண்டாம் அணியிலிருந்து முதல் அணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள்? எத்தனை பேர் விலகினார்கள், ஏன்? பயிற்சியாளர் மீது புகார் என்றால் யாரிடம் போவது? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கிளப், லீக்கில் எந்த இடத்தில் இருந்தாலும் நம்பலாம்.

கோட்டோரத்தில் வாயை மூடிக்கொள்வதும் கற்கக்கூடியதுதான். 1999-ல் வடக்கு ஒஹாயோவில் ஒரு சிறுமியர் லீக், பெற்றோரும் பயிற்சியாளரும் கத்தக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை அறிவித்தது. பல ஊர்கள் அந்த வழக்கத்தைப் பின்பற்றின. பெரியவர்கள் பேசாதபோது சிறுமிகள் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஆட வேண்டியிருக்கிறது. ஆட்டம் அவர்கள் கைக்குப் போகிறது.

1920-களின் ஆசிரியைகள் சுரண்டலுக்கு அஞ்சிப் போட்டியை நிறுத்தினார்கள். இன்றைய அமைப்பு போட்டியைத் திறந்துவிட்டுச் சுரண்டலையும் உள்ளே விட்டுவிட்டது. இரண்டையும் பிரித்துக் கையாள வேண்டிய கடமை நம் தலைமுறைக்கு வந்திருக்கிறது. தோற்ற நாளில் ஒரு பெண் அழுதால் அழட்டும். அவள் முழு மனதோடு ஆடினாள் என்று பொருள். அவள் அழுவதால் அம்மா கிளப்பை மாற்றுவதும், அப்பா பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், பயிற்சியாளர் அடுத்த வாரம் அவளை வெளியே உட்கார வைப்பதும்தான் நிற்க வேண்டும். தோல்விக்குப் பின்னும் தன் இடம் பறிபோகாது என்று உறுதியாகத் தெரிந்த பெண்தான் அடுத்த ஆட்டத்தில் பயமில்லாமல் வெல்லப் பார்ப்பாள்.